ஒரே ஒரு டிரைக்காகவா கேரத் எட்வர்ட்ஸை இன்னும் கொண்டாடுகிறார்கள்?

வேல்ஸ் ரக்பி ஆட்டக்காரர் கேரத் எட்வர்ட்ஸ் 1973இல் போட்ட டிரையின் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது) காணொளியைப் பார்த்துவிட்டு, "கடைசியில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடியது மட்டும்தானே அவர் வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் ரக்பி ஆடியவன் இல்லை, பார்த்துப் பழகியவன். எனக்கும் அந்த டிரை அவருடைய சிறந்த வேலையாகத் தெரியவில்லை.

ஜனவரி 27, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். பல அணிகளிலிருந்து அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் பார்பேரியன்ஸ் அணி நியூசிலாந்தை எதிர்கொண்டது. எட்வர்ட்ஸ் ஆடியது பார்பேரியன்ஸுக்காக. ஆட்டம் சூடுபிடிப்பதற்கு முன்பே, தங்கள் கோட்டுக்கருகில் பந்தை எடுத்த ஃபில் பென்னட் அதை வெளியே உதைத்துத் தப்பித்திருக்கலாம். அவரோ துரத்தி வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிவிட்டுத் திரும்பினார். ஜே.பி.ஆர். வில்லியம்ஸ், புல்லின், டாஸ், டேவிட், குவின்னல் என்று கைமாறிய பந்து எட்வர்ட்ஸிடம் வந்தது. அவர் இடது மூலையில் பாய்ந்து விழுந்தார். ஓரத்தில் ஓடிவந்த ஜான் பெவனுக்குப் போகவேண்டிய பந்தை இவர் நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டார் என்று இன்றும் கிண்டல் செய்வதுண்டு. என்னைக் கேட்டால் பாதிப் புகழ் பென்னட்டுக்கே சேரவேண்டும்.

எட்வர்ட்ஸின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1967இல், 19 வயதில், பாரிஸில் வேல்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். 20 வயதிலேயே தலைவர். 1978 வரை தொடர்ச்சியாக 53 ஆட்டங்கள். இடையில் காயத்தாலோ ஆட்டம் சரிந்தோ ஒருமுறைகூட அவர் இடம் காலியாகவில்லை. அவர் ஆடியது ஸ்க்ரம் ஹாஃப். முன்வரிசைத் தடியர்கள் முட்டி மோதி மீட்கும் பந்தை எடுத்துப் பின்வரிசைக்கு அனுப்புபவர் அவர்தான். எதிரணியின் முதல் அடியும் பெரும்பாலும் அவர்மீதுதான் விழும். அந்த இடத்தில் பதினோரு ஆண்டுகள் என்பதை நினைத்துப் பாருங்கள்! அவர் அனுப்பும் பந்தை வாங்கும் இடத்தில் ஆடிய வேல்ஸ் ஆட்டக்காரர் பேரி ஜான் அவரிடம், "நீ எறி, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். அந்தக் காலத்தில் வேல்ஸ் மூன்று முறை கிராண்ட் ஸ்லாம் வென்றது, அதாவது ஐந்து நாடுகள் போட்டியில் மற்ற நான்கு அணிகளையும் ஒரே பருவத்தில் தோற்கடித்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி 1971இல் நியூசிலாந்து மண்ணில் தொடரை வென்றபோது அதிலும் அவர் இருந்தார்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். 1974இல் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா சென்றபோது, நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டுக்கு வரமாட்டேன் என்று அவருடைய வேல்ஸ் சக ஆட்டக்காரர் ஜான் டெய்லர் மறுத்தார். எட்வர்ட்ஸ் போனார். 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அந்தப் பயணத்தை என்னால் முழுமனத்துடன் ரசிக்க முடிவதில்லை.

ஓய்வுக்குப் பின் தன்வரலாறு எழுதிப் பணம் பெற்றதால், ரக்பியால் பணம் சம்பாதிக்கக் கூடாது என்ற அன்றைய விதிப்படி அவர் தொழில்முறை ஆட்டக்காரராகக் கருதப்பட்டு ரக்பியிலிருந்தே ஒதுக்கப்பட்டார். அவர் தூண்டிலோடு நீர்நிலைகளுக்குப் போனார். 1990இல் வேல்ஸ் நீர்த்தேக்கம் ஒன்றில் 45 பவுண்டுக்கும் அதிக எடையுள்ள பைக் என்ற நன்னீர் மீனைப் பிடித்தார். அது அப்போது பிரிட்டன் சாதனை. அதை யாரும் அவருக்குப் பாஸ் செய்யவில்லை.