அகொஸ்டினியா, ரோஸியா, டூஹனா? – வாசகர் கேள்வி பதில்

கே: உலக பைக் பந்தயத்தில் 1960-70களின் ஜியாகோமோ அகொஸ்டினிக்கு 122 வெற்றி, நம் காலத்து வாலென்டினோ ரோஸிக்கு 115. அப்படியென்றால் அகொஸ்டினிதானே பெரியவர்?
– எஸ்.கே., அம்பத்தூர்

அந்த 122-ஐப் பிரித்துப் பாருங்கள். அன்றைய மேல் வகுப்பான 500 சிசியில் 68, 350 சிசியில் 54. அவர் காலத்தில் ஒருவரே இரண்டு வகுப்பிலும் ஒரே வாரத்தில் ஓட்டலாம். ரோஸியின் 115-ல் 125 சிசியில் 12, 250 சிசியில் 14, மீதி 89-ம் மேல் வகுப்பில் (500 சிசி, பிறகு மோட்டோஜிபி) வந்தவை. ஒரு சீசனுக்கு ஒரு வகுப்புதான் அவருக்கு வாய்த்தது. எனவே மேல் வகுப்பை மட்டும் வைத்தால் 68-க்கு எதிராக 89.

அதோடு விட்டுவிடவும் கூடாது. 1968-ல் 500 சிசியில் மொத்தமே 10 பந்தயம், பத்திலும் அகொஸ்டினிதான். ஆனால் ஹோண்டா 1967-ஓடு விலகிவிட்டதால் அவர் ஓட்டிய எம்.வி. அகுஸ்டாவுக்கு ஈடான கம்பெனி பைக் எதிரில் இல்லை. அந்த ஆண்டு பட்டியலில் இரண்டாவதாக வந்த ஜாக் ஃபிண்ட்லே ஓட்டியது ஒற்றை சிலிண்டர் மேட்ச்லெஸ். அதனால் 1968-ன் பத்து வெற்றிக்குக் குறைந்த எடையும், 1975 பட்டத்துக்கு மிக அதிக எடையும் கொடுப்பேன். 1974-ல் யமஹா டூ-ஸ்ட்ரோக்குக்கு மாறிய அவர், 1975-ல் தான் விட்டுவந்த எம்.வி.யில் ஓடிய ஃபில் ரீடைத் தோற்கடித்தார்.

கே: எண்ணிக்கைக்குப் பதிலாகச் சதவீதம் பார்த்தால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பாதி சரியாகும். மிக் டூஹன் 500 சிசியில் 137 பந்தயத்தில் 54 வென்றார், 39 சதவீதம். ரோஸி மேல் வகுப்பில் 372-ல் 89, 24 சதவீதம். இதைப் பார்த்து டூஹன் வெகு தூரம் மேலே என்று முடிவு கட்டினால் தவறிவிடும். ரோஸியின் கடைசி வெற்றி 2017-ல், நெதர்லாந்தின் அஸனில். அதற்குப் பிறகும் 2021 முடிய ஓடினார். அந்தப் பந்தயங்கள் எல்லாம் சதவீதத்தைக் கீழே இழுக்கின்றன. டூஹனோ 1999-ல் ஸ்பெயினின் ஹெரெஸில் அடிபட்டதோடு நிறுத்திவிட்டார். சரிவுக்காலம் என்ற ஒன்றே அவர் கணக்கில் ஏறவில்லை.

இருவரும் வரிசையாக ஐந்து பட்டம் வென்ற ஆண்டுகளை மட்டும் எடுங்கள். டூஹன் 1994–98: நடந்த பந்தயம் 71, வெற்றி 9+7+8+12+8, ஆக 44. ரோஸி 2001–05: நடந்தது 81, வெற்றி 11+11+9+9+11, ஆக 51. முதலாவது 62 சதவீதம், இரண்டாவது 63. பதினைந்து சதவீத இடைவெளி எங்கே போயிற்று பாருங்கள்! ஒப்பிடுவதற்கு முன் ஆண்டுகளை இப்படி வெட்டிக்கொள்வதுதான் முக்கியமான வேலை. 2023 முதல் ஓடும் வீரர் என்றால் இன்னொன்றும் உண்டு: சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தய வெற்றிகளைக் கூட்டிவிடாதீர்கள், அவை கிராண்ட் பிரீ வெற்றிக் கணக்கில் சேராது.

கே: 1967-ல் 500 சிசியில் அகொஸ்டினியும் ஹோண்டா வீரர் மைக் ஹெயில்வுட்டும் சமபுள்ளி என்கிறார்களே, இன்றைய முறைப்படி போட்டால் யாருக்குப் பட்டம்?
– ஆர்.வி., போரூர்

அப்போது முதல் ஆறு இடங்களுக்கு 8, 6, 4, 3, 2, 1 புள்ளி. 500 சிசியில் பத்துப் பந்தயம் நடந்தாலும் சிறந்த ஆறு மட்டுமே கணக்கில் வரும். இருவருக்கும் தலா ஐந்து வெற்றி. ஆறாவதாக ஓர் இரண்டாமிடம் சேர்ந்து இருவரும் 46. அகொஸ்டினிக்கு மூன்று இரண்டாமிடம், ஹெயில்வுட்டுக்கு இரண்டு என்பதால் பட்டம் அகொஸ்டினிக்கு. இன்றைய முறையில் முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, எதையும் கழிப்பதில்லை. அகொஸ்டினிக்கு 125+60, அதாவது 185. ஹெயில்வுட்டுக்கு 125+40, அதாவது 165. பட்டம் கை மாறாது, நூலிழையில் கிடைத்தது 20 புள்ளி வித்தியாசத்தில் கிடைத்திருக்கும். ஆனால் ஹெயில்வுட் அதே ஆண்டு 250, 350 இரண்டிலும் உலகப் பட்டம் வென்றார் என்பதை எந்தப் புள்ளி முறையும் இந்தக் கணக்கில் காட்டாது.

கே: ஓட்டியவரின் திறமை எவ்வளவு, பைக்கின் திறமை எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?
– ஜே.எம்., குரோம்பேட்டை

அதே பைக்கில் ஓடிய சக வீரரைப் பாருங்கள். 2007-ல் டுகாட்டியில் கேசி ஸ்டோனர் 18-ல் 10 வென்றார். அதே அணியில், அதே பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் கபிரோஸிக்குக் கிடைத்தது ஒன்று. 1997-ல் 15 பந்தயமும் ஹோண்டாவுக்கே போயின. டூஹன் 12, அவருடைய அணியின் கிரிவில்லே 2, ஒக்காடா 1. பைக் நல்லதுதான், ஆனால் 12-க்குக் காரணம் பைக் மட்டும் இல்லை. அடுத்தது, கம்பெனி மாறியும் ஜெயித்தாரா என்ற சோதனை. எடி லாசன் 1988-ல் யமஹாவில், 1989-ல் ஹோண்டாவில் பட்டம் வென்றார். ரோஸி 2003-ன் கடைசிப் பந்தயத்தை ஹோண்டாவிலும் 2004-ன் முதல் பந்தயத்தை யமஹாவிலும் வென்றார். எனக்கு இந்தச் சோதனைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

தவறு நேரும் இடம் டயர். 2009-க்கு முன் அணிக்கு அணி டயர் கம்பெனி வேறு, அதைப் பார்க்காமல் இரண்டு அணி வீரர்களை ஒப்பிடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே மின்னணுக் கட்டுப்பாட்டு மென்பொருள் வந்ததும் 2016-ல்தான்.

கே: இப்போது கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது, பழைய 500 சிசி வீரர்கள்தான் உண்மையான வீரர்கள் என்பது சரியா?
– பி.ஆர்., மாதவரம்

பழைய 500 சிசி பைக் என்றால் 130 கிலோ எடை, 180-க்கு மேல் குதிரைத்திறன், சக்கரச் சுழலைத் தடுக்க எதுவும் இல்லை. வளைவில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது பின்சக்கரம் வழுக்கும். பயந்து அதை மூடினால் டயருக்குப் பிடி சட்டென்று திரும்பி, சாய்ந்திருந்த பைக் நிமிர்ந்து ஆளைத் தூக்கி எறியும். ஹைசைட் என்பது இதுதான். அதை மணிக்கட்டால் மட்டும் சமாளித்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இன்றைய பைக் 60 பாகைக்கு மேல் சாய்கிறது. முன்டயரின் எல்லையிலேயே பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழைய வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. வேலை பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறியிருக்கிறது.

கே: சோழவரத்தில் ஓடியவர்களையும் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுபவர்களையும் லேப் நேரம் வைத்து ஒப்பிடலாமா?
– டி.என்., செங்குன்றம்

முடியாது. சோழவரம் விமான ஓடுதளம்; இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ. நீளத்தில் பந்தயத்துக்கென்றே போட்ட பாதை. உலக அளவிலும் இதே சிக்கல்தான். பெல்ஜியத்தின் ஸ்பாவில் 14 கி.மீ. பாதை 7 கி.மீ. ஆனது. நேரத்தை விட்டுவிட்டு இடைவெளியைச் சதவீதமாக எடுங்கள். அதே நாள், அதே வகுப்பு, முதல் வீரரின் சிறந்த சுற்று 120 விநாடி, இவருடையது 121.2 என்றால் ஒரு சதவீதம் பின்னால். ஒரே ஒரு சுற்றை எடுக்காமல் ஒரு சீசன் முழுக்க இப்படிக் குறித்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் மதிப்பை எடுங்கள். காலை ஓட்டத்தையும் மதிய ஓட்டத்தையும் கலக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் தார் கொதித்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடேறி, அதே வீரரின் நேரமே மாறிவிடும்.