பள்ளிகளின் அவசர வழிக் கதவுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மின்சாரம் போனால் மேக்னெட் பூட்டு பூட்டியே இருக்குமா?

இருக்காது. மின்சாரம் ஓடும் வரைதான் காந்தத்துக்குப் பிடிப்பு. ஆனால் பூட்டுக்கு பேட்டரி வைத்திருந்தால் கணக்கே மாறிவிடும். மெயின் போனாலும் பேட்டரி கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஃபயர் அலாரம் பேனலின் ரிலே, அதாவது அலாரம் அடித்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், பேட்டரிக்கும் பூட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் பேட்டரி இருந்தாலும் பூட்டு கதவை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: கதவருகே சுவரில் வெளியேறும் பொத்தான் வைத்திருக்கிறோம். போதுமா?

பொத்தானின் வயர் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அதுதானே கேள்வி! கார்டு ரீடரின் கன்ட்ரோலருக்கு, அதாவது கார்டைச் சரிபார்த்துப் பூட்டை இயக்கும் பெட்டிக்கு, போனால் போதாது. கன்ட்ரோலர் செயலிழந்தால் பொத்தானும் செத்த பொத்தான்தான். பூட்டுக்குப் போகும் மின்சாரத்தைப் பொத்தானே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் குறைந்தது 30 விநாடி பூட்டு விட்டிருக்க வேண்டும். அப்புறம், புகையில் பிள்ளைகள் பொத்தானைத் தேட மாட்டார்கள், கதவைத் தள்ளுவார்கள். பேனிக் பாரிலேயே, அதாவது தள்ளினால் திறக்கும்படி கதவின் குறுக்கே இருக்கும் கம்பியிலேயே, சுவிட்ச் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மாணவர்கள் அவசர வழியாக நழுவிப் போகிறார்கள். பள்ளி நேரத்தில் மட்டும் சங்கிலி போடலாமா? சாவி காவலாளியிடம் இருக்கும்.

கூடாது. பள்ளி நேரத்தில்தானே உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள்! இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. நான் பார்வையிடப் போன ஒரு பள்ளியில் சாவியைக் கேட்டேன். அது வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆனது. புகை அவ்வளவு நேரம் காத்திருக்காது.

1883-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில், விக்டோரியா ஹால் அரங்கில் பரிசுப் பொருள் வாங்கப் பிள்ளைகள் மாடிப்படியில் இறங்கி ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கம் திறப்பது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் நுழையும்படி அதைத் தாழிட்டு வைத்திருந்தார்கள். 183 பிள்ளைகள் நெரிசலில் செத்துப்போனார்கள். தீயே இல்லை. ஒரு தாழ்ப்பாள் போதுமானதாக இருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892-ல் காப்புரிமை வாங்கினார்கள். நீங்கள் சங்கிலி போடும்போது அதற்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிப் போகிறீர்கள்.

நழுவுவதைத் தடுக்க வேண்டுமா? கதவு திறந்தால் அலறும் அலாரத்தை பேனிக் பாரில் மாட்டுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். தள்ளிய பிறகு 15 விநாடி தாமதித்துத் திறக்கும் பூட்டும் உண்டு. ஆனால் தீ அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ அது தாமதமே இல்லாமல் திறக்க வேண்டும். பள்ளிகளில் அதை எல்லா விதிகளும் அனுமதிப்பதில்லை. தீயணைப்புத் துறையின் அனுமதி கையில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு எந்தப் பூட்டு நல்லது? உடனே பதில் தேவை.

கதவு எத்தனை, ஒற்றையா இரட்டையா, எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே எத்தனை பேர், ஒன்றும் சொல்லவில்லை. அளந்து எழுதுங்கள். அதுவரை ஒன்று மட்டும்: சுமார் 50 பேருக்கு மேல் இருக்கும் அறையின் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வரும் மாணவியால் பேனிக் பாரைத் தள்ள முடியவில்லை.

அமெரிக்க விதிப்படி பேனிக் பாருக்கு ஏறக்குறைய 7 கிலோ விசை வரை போகலாம். உட்கார்ந்தபடி தள்ளும் பிள்ளைக்கு அதுவே பாரம். கூடவே கதவு மூடுவான் (கதவைத் தானாக மூடவைக்கும் கருவி) இறுக்கமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், முதலில் அதைத் தளர்த்துங்கள். அப்புறம் தட்டினால் தானே திறக்கும் மோட்டாரைச் சேர்க்கலாம். மோட்டார் நின்றாலும் கை தள்ளினால் கதவு திறக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். திறந்த இடைவெளி 80 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, நிலைப்படியின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். கதவுக்கு வெளியே படி இருந்தால் இத்தனையும் வீண், சரிவுப் பாதை கட்டுங்கள். காது கேளாத பிள்ளைகள் இருந்தால் மின்னும் விளக்கும் வேண்டும்.

கேள்வி: தீத்தடுப்புக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறோம். தவறா?

தவறு. தீயும் புகையும் பரவாமல் தடுக்கத்தான் அந்தக் கதவு, திறந்தே இருந்தால் தடுக்காது. கதவைத் திறந்தபடி பிடித்திருந்து, அலாரம் அடித்தால் விட்டுவிடும் காந்தப் பிடிப்பான் மாட்டுங்கள், கதவு தானே மூடிக்கொள்ளும்.

கேள்வி: எப்படிச் சோதிப்பது?

மாதம் ஒரு முறை அலாரத்தை அடித்து, பேட்டரி இணைப்பு இருக்கும்போதே ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாருங்கள். பெரியவர் தள்ளினால் மட்டும் போதாது. பள்ளியிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுங்கள்.