கழலாத நட்டு: பழைய வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணே, 1975 அம்பாசடர். சைலன்சர் குழாய், எஞ்சின் புகையை வாங்கும் மேனிபோல்டில் சேரும் இடத்தில் உள்பக்க நட்டு அசையவில்லை. கை நுழையவில்லை. 13ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டதில் நட்டின் முனையும் மழுங்குகிறது.

அந்த 13தான் தம்பி தப்பு. உங்கள் எஞ்சின் 1489 சிசி பிரிட்டிஷ் வடிவமைப்பு, நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 யுஎன்எஃப் (அங்குலக் கணக்கில் நெருக்கமான மரை) நட்டுக்குத் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மீதி 0.3 மில்லிமீட்டர் இடைவெளிதான் முனையைத் தின்கிறது. அரை அங்குல ஆறுமுனை பாக்ஸ் வாங்குங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திக் கீழிருந்து வாருங்கள். பாக்ஸைத் திருப்ப நீள எக்ஸ்டென்ஷன் கம்பி, முனையில் எந்தப் பக்கமும் மடங்கும் யுனிவர்சல் ஜாயிண்ட். ஜாயிண்ட் துவளாமலிருக்க இரண்டு சுற்று டேப் போடுங்கள். முதல் நாள் இரவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு தள்ளி, பிறகு கழற்றுங்கள். வராவிட்டால் சூடு. ஸ்டட்டை (நட்டு ஏறும் மரைக் கம்பியை) விட்டு நட்டை மட்டும் காய்ச்சுங்கள்.

ஆனால் ஒன்று: இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் மேனிபோல்டும் ஒரே பக்கம். பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சூடு எதற்கு? மெழுகுவத்தி போதும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்.

அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கும் சூடு வேண்டும். சூடான நட்டில் மெழுகை வைத்தால் உருகி மரைக்குள் இழுபடும்.

மெழுகெல்லாம் கதை. கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் என்றால் சரி, நானும் கலப்பதுண்டு. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அதை விட்ட அன்று நெருப்பு கூடாது.

இரண்டையும் போட்டுவிட்டுச் சுட்டால்?

கூடாது! இப்போதுதானே சொன்னேன். பிரேக் கிளீனர் அடித்த இடத்தையும் சுடாதீர்கள். குளோரின் கலந்த வகையைச் சுட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து. மொரிஸ் மைனருக்கும் 13 பொருந்துமோ ஐயா?

பொருந்தாது. அதுவும் பிரிட்டிஷ் வண்டி, அங்குலக் கணக்கு. மேலே பாருங்கள்.

பத்மினிக்கு?

அது ஃபியட். மில்லிமீட்டர்தான், போடலாம்.

1956 டாட்ஜ். இடப்பக்கச் சக்கர நட்டு, நாலு பேர் ஏறி மிதித்தும் வரவில்லை.

மிதிப்பதை நிறுத்துங்கள்! அந்தக் காலத்து கிறைஸ்லர் கம்பெனி வண்டிகளில் இடப்பக்கம் இடமரை. ஸ்டட் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கும். கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்புங்கள்.

அண்ணே, முதலில் கேட்டவன். அரை அங்குல பாக்ஸில் கழன்றுவிட்டது, நெருப்பே வைக்கவில்லை. பழைய நட்டையே திரும்பப் போடலாமா?

ரொம்பச் சந்தோஷம் தம்பி. மழுங்கியதைத் தூக்கிப் போடுங்கள். பித்தளை நட்டு வாங்குங்கள், ஸ்டட்டோடு துருவில் ஒட்டாது. மரையில் காப்பர் கிரீஸ் தடவி, கையால் நாலு சுற்று ஓட்டிய பிறகே ஸ்பேனர் வையுங்கள்.