போகாத நாளுக்கும் பில்லா?

கேள்வி: என் அம்மா எங்களோடு நியூ ஜெர்சியில் இருக்கிறார். மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) உண்டு, பொருத்தியிருப்பது இரண்டு லீட், அதாவது இதயத்துக்குள் போகும் இரண்டு கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கர். சென்ற பரிசோதனையில், “எல்லாம் சரி, எதையும் மாற்றவில்லை” என்றார் டாக்டர். பில்லில் 93280 என்ற குறியீடு, பக்கத்தில் புரோகிராமிங் (கருவியின் அளவுகளை அமைப்பது) என்று இருக்கிறது. அதன் பிறகு மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. ஆனாலும் 93294, 93296 என்று இரண்டு வரிகள் வந்திருக்கின்றன. ஏமாற்றுகிறார்களா?
- வாசகி, எடிசன்

பதில்: சென்னையில் உட்கார்ந்து, அமெரிக்க இதய மருத்துவர்களின் கணக்குகளுக்குக் குறியீடு போட்டே தலை நரைத்தவள் நான். டாக்டர்களுக்குப் பரிந்து பேசும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் இந்த மூன்று எண்களில் மோசடி எதுவும் தெரியவில்லை.

93280 என்பது இரண்டு லீட் கருவியை நேரில் சோதித்து, அது இயங்க வேண்டிய அளவுகளைத் தேர்வது. ஒரு லீட் என்றால் 93279. சோதனையின்போது துடிப்பின் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டுவார்கள். மின்தூண்டலைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் இதயம் அதற்குப் பதில் சொல்ல மறுக்கிறது என்று பார்ப்பார்கள்; இதுதான் த்ரெஷோல்ட் சோதனை. அம்மாவுக்கு அப்போது சில நொடிகள் படபடப்பு வந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் பழைய அளவையே வைத்தாலும் அது புரோகிராமிங்தான். விதியே அப்படித்தான் இருக்கிறது. எதையும் அசைக்காமல், கருவியில் பதிந்ததை மட்டும் படித்திருந்தால் 93288 போட வேண்டும். ஆகவே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். த்ரெஷோல்ட் சோதனை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையென்றால் தாராளமாகச் சண்டை போடலாம்.

மற்ற இரண்டும், அம்மாவின் கட்டிலருகே ஒரு சிறிய பெட்டி இருக்குமே, அதன் வேலை. பேஸ்மேக்கரில் பதிந்ததை அது வீட்டிலிருந்தே அனுப்பிவிடும். அந்தத் தகவலைப் பெற்றுத் தொகுப்பதற்கு 93296. அதை டாக்டர் படித்து முடிவு எழுதுவதற்கு 93294. ஒரே வேலைக்கு இரண்டு பில் அல்ல. ஆனால் எதுவானாலும் 90 நாளுக்கு ஒருமுறைதான். கண்காணிப்பு 30 நாளைக்கூட எட்டவில்லையென்றால் போடவே கூடாது. அந்த 90 நாளுக்குள் நேரில் 93280 வருவதில் தவறில்லை. அதே டாக்டர் 93294-உடன் 93288-ஐயும் போட்டால்தான் தவறு.

ஆண்டுக் கழிவுத்தொகை, அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டியது, தீர்ந்த பிறகு, மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையில் 20 சதவீதம் உங்கள் பங்கு. துணைக் காப்பீடு இருந்தால் அந்தப் பங்கையும் அந்த நிறுவனமே கட்டக்கூடும். பணம் அனுப்பும் முன், மெடிகேர் அனுப்பும் விவரத்தாளில் 93294-இன் தேதிகளை எடுத்து, இடையில் எத்தனை நாள் என்று எண்ணிவிடுங்கள்.