உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியும் வைரஸும்: ஓரல் பேத்தாலஜி கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது?

வணக்கம் சார்.

பி.டி.எஸ். முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் உங்கள் மகள், பல்வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோவும் வேண்டாம், வேர் சிகிச்சை செய்யும் எண்டோவும் வேண்டாம், எம்.டி.எஸ்.ஸில் ஓரல் பேத்தாலஜிதான் (வாய்த் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறியும் பிரிவு) என்கிறார். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் வைரஸுக்குப் பங்கு உண்டா என்று ஆராய வேண்டுமாம். "இந்தத் தலைப்புக்கு யார் சார் வேலை தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. தலைப்பை நம்பி யாரும் வேலை தர மாட்டார்கள். அதைத் தொட அவர் கற்க வேண்டிய தொழிலுக்கு வேலை உண்டு.

பிள்ளை பிடித்திருப்பது வெறும் கற்பனை இல்லை. 1953-இல் அமெரிக்காவில் லுட்விக் கிராஸ், ரத்தப்புற்று வந்த எலியின் திசுச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றினார். சில குட்டிகளுக்குக் காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி வந்தது. சாரா ஸ்டூவர்ட், பெர்னிஸ் எடி என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் அதன் காரணத்தைத் துரத்திப் பிடித்து, அந்த வைரஸுக்கு 'பாலியோமா' என்று பெயர் வைத்தார்கள். எலியில் வழக்கு முடிந்தது. மனிதரில் இன்னும் நடக்கிறது.

மனிதரில் தெளிவாகத் தெரிவது லிம்போஎபிதீலியல் கார்சினோமா என்ற அரிய புற்று. கிரீன்லாந்து, அலாஸ்கா பக்கத்து இனுயிட் மக்களுக்கோ தென்சீனர்களுக்கோ இது வந்தால், புற்று செல்லுக்குள் ஏறக்குறைய எப்போதும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறது. ஐரோப்பியருக்கு வரும் அதே கட்டியில் பெரும்பாலும் இருப்பதில்லை. மரபா, உணவா, வைரஸின் ரகமா? உங்கள் மகளைத் தூங்க விடாதது இதுவாகத்தான் இருக்கும்.

மற்ற கட்டிகளில் ஒரே குழப்பம். வார்தின் கட்டி என்று ஒன்று, புகைப்பவர்களுக்கு அதிகம் வருவது. அதில் பி.சி.ஆர். (துளி டி.என்.ஏ.வையும் பெருக்கிக் காட்டும் சோதனை) போட்டால் சில சமயம் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டி.என்.ஏ. கிடைக்கும். உடனே வைரஸ்தான் காரணம் என்று எழுதிவிட முடியாது. பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான். அது பதுங்கியிருப்பது பி-லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களில். வார்தின் கட்டியிலோ லிம்போசைட்டுகள் மண்டிக் கிடக்கும். போதாக்குறைக்கு உமிழ்நீரிலும் வைரஸ் வந்து போகும். திருவிழாக் கூட்டத்தில் நின்றவனையெல்லாம் திருடன் என்று பிடித்த கதையாகிவிடும். அதனால் வைரஸ் எந்த செல்லுக்குள் இருக்கிறது என்று ஸ்லைடிலேயே பார்க்க வேண்டும். அந்த முறைக்கு இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன் என்று பெயர். மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்ற இன்னொரு உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் ஹெச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) இருக்கிறது, சைட்டோமெகலோ வைரஸ் இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு.

இந்தக் கைத்திறனைத்தான் தொழில் என்றேன். தொண்டைப் புற்றில் ஹெச்.பி.வி. பார்ப்பதற்கும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றை வகைப்படுத்துவதற்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் லேபுகளில் இதே முறைகள்தான். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் 30 வகைக்கு மேல், பெரும்பாலானவை அரிது. அதை மட்டும் நம்பி வாழ்க்கை ஓடாது. ஆராய்ச்சியில் ஒரு மூலையாக வைத்துக்கொள்ளட்டும்.

வைரஸ் ஒட்டிக்கொள்ளுமோ என்று உங்கள் வீட்டம்மா பயப்படுகிறார்களாம். பார்ப்பதில் பெரும்பகுதி ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த திசு. அவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆர்த்தோ முடித்தவர் பார்க்கும் வருமானம் இதில் வராது. பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை, கூடவே மாலையில் சொந்த கிளினிக் என்றுதான் பலர் ஓட்டுகிறார்கள். பிஎச்.டி. பக்கம் போய் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இந்தப் பிரிவுக்குப் போட்டி குறைவு. எனவே மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கடன் வாங்காதீர்கள். நீட்-எம்.டி.எஸ். கவுன்சலிங்கிலேயே நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், மாதம் எத்தனை பயாப்ஸி வருகிறது, பக்கத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டா, இம்யூனோ ஸ்டெய்னிங் (ஆன்டிபாடி வைத்துத் திசுவில் புரதங்களை அடையாளம் காணும் சோதனை) அங்கேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் தன் கல்லூரி ஓரல் பேத்தாலஜி துறையில் பழைய சுரப்பிக் கட்டி ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, மைக்ராஸ்கோப் முன்னால் சில வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் இதே பிரிவுதான் வேண்டும் என்றால், விருப்பப் பட்டியலில் முதலில் போடச் சொல்லுங்கள்.