பின்சீட்டிலிருந்து முதலில் இறங்குங்கள், தம்பி

பர்மாவில் மோல்மீன் பக்கத்திலிருக்கும் முடோனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷம். மனைவி ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். மகன் இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். அம்மாவும் எங்களோடு இருக்கிறார், மாதம் ஒருமுறை சுகருக்காக மோல்மீன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பொங்கல் முடிந்ததும் நான் தாய்லாந்துக்கு வேலைக்குப் போகிறேன். அதற்குள் மனைவிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று மூன்று வாரமாகச் சாயங்காலத்தில் கோயில் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லிக்கொடுக்கிறேன். சீன மோட்டார் சைக்கிள், 125 சிசி, கியர் உண்டு, கிளட்ச் பிடி கிடையாது. எவ்வளவு சொன்னாலும் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுகிறாள். போன வாரம் வேலியில் போய் மோதி முட்டி சிராய்த்துவிட்டது, நானும் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள், பேச்சும் குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் 12 வயதுப் பையன் ஓட்டுகிறான், இவளுக்கு மட்டும் ஏன் வரவில்லை? கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?"

தம்பி, கட்டாயப்படுத்துகிற பேச்சே வேண்டாம். விட்டுவிடுவதா என்பதை அந்தத் தங்கச்சிதான் சொல்ல வேண்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பின்சீட்டிலிருந்து இறங்குங்கள்.

வண்டி ஏறக்குறைய 100 கிலோ. அதன்மேல் நீங்கள் ஒரு 60, 65 கிலோ, அதுவும் பின்சக்கரத்துக்கு மேலே உயரத்தில். கற்றுக்கொள்கிறவளுக்கு முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் நிலைகொள்ளாமல் ஆடும். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் நீங்கள் பயத்தில் வலது பக்கம் சாய்வீர்கள், இல்லாவிட்டால் காலை ஊன்றுவீர்கள். எது தன் பேலன்ஸ், எது நீங்கள் கொடுத்தது என்று அவளுக்கு எப்படிப் பிரித்துத் தெரியும்? அப்புறம் உங்கள் குரல். காதுக்குப் பின்னால் நாலு அங்குலத்தில் ஒருவர் "பிரேக், பிரேக், முறுக்காதே, இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தால் யாருக்கும் கை நடுங்கும். சொன்னது சரியாகக் கேட்காமல் தலையைத் திருப்புவாள், தலை திரும்பின பக்கம் வண்டி போகும். வேலியில் மோதினது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

12 வயதுப் பையனோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், அது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வயதில் ரோட்டில் வண்டி ஓட்டவே கூடாது, அது தனிக் கதை. ஆனால் அவன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்று யோசித்துப் பாருங்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போயிருப்பான், எப்போது முறுக்குகிறார், எப்போது காலை அழுத்துகிறார் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே உடம்பில் ஏறியிருக்கும். நீங்களும் அப்படித்தான் கற்றிருப்பீர்கள். உங்கள் மனைவி வளர்ந்த ரங்கூனில் 2003-லிருந்து நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. பஸ்ஸிலும் டாக்ஸியிலும் போய் வளர்ந்த பிள்ளை. உங்களுக்குக் கைவந்ததெல்லாம் அவளுக்கு முழுக்கப் புதுசு, அதை மூன்று வாரச் சாயங்காலங்களில் ஏற்றிவிட முடியாது. திடலில் பெண்கள் பழகுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்தே வளராதவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நாள் பிடிக்கும், ஆனால் அவர்கள்தான் அப்புறம் நிதானமாக ஓட்டுவார்கள்.

இப்போது அந்த முறுக்கும் விஷயம். அவள் பிரேக்கும் பிடித்திருப்பாள் தம்பி, நீங்கள் பின்னால் இருந்ததால் பார்த்திருக்க முடியாது. முன் பிரேக்கும் முறுக்கும் ஒரே வலது கையில்தானே இருக்கிறது? வண்டி திடீரென்று குதித்தால் உடம்பு பின்னால் போகும், பயத்தில் கை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும், உடம்போடு மணிக்கட்டும் கீழே இறங்கும், இறங்க இறங்க முறுக்கு இன்னும் திறக்கும். விரல் பிரேக்கில் இருந்தாலும் வண்டி சீறும். இது புத்தி சம்பந்தப்பட்டதே இல்லை, கை வைக்கிற விதம் சம்பந்தப்பட்டது. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, கையை வைக்கச் சொல்லிப் பாருங்கள். முறுக்காமல் இருக்கும்போது மணிக்கட்டும் புறங்கையும் ஒரே நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துப் பழகினால் அது விழும்போதெல்லாம் வண்டி பாயும். அந்த நிலையிலேயே யாராவது கை தட்டும்போது முறுக்கை முழுக்க மூடி, அதற்கப்புறம் நாலு விரலால் முன் பிரேக்கை மெதுவாக அழுத்தி, கூடவே வலது காலால் பின் பிரேக்கையும் மிதிக்கட்டும். மூடு, பிடி, மிதி. நினைக்காமலே கை அப்படிப் போகிறவரைக்கும் இன்ஜினைத் தொட வேண்டாம். நிறுத்தத் தெரிந்தவளுக்கு ஓட்டப் பயம் பாதி போய்விடும்.

உங்கள் வண்டியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிளட்ச் பிடி இல்லாததால் இடது காலின் கியர் பெடலை அழுத்துகிற நேரத்தில் கிளட்சைப் பிடித்ததுபோல வண்டி தானாக இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். அழுத்திக்கொண்டே முறுக்கிவிட்டுக் காலை எடுத்தால் வண்டி எகிறிக் குதிக்கும். பெடலைத் தொடும்போது முறுக்கு மூடியிருக்க வேண்டும், காலையும் பட்டென்று எடுக்கக் கூடாது. முதல் கியர் ரொம்ப உதறும், ஆகவே ஆரம்ப நாட்களில் இரண்டாம் கியரிலேயே கிளம்பட்டும், கொஞ்ச நாளைக்கு அப்படி ஓட்டுவதால் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. சில சீன வண்டிகளில் நாலாம் கியருக்கு மேல் ஒரு மிதி மிதித்தால் நியூட்ரலுக்குப் போய், இன்னொரு மிதியில் முதல் கியரில் விழுந்துவிடும். ஓடுகிற வண்டியில் அப்படி விழுந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். உங்கள் வண்டி அந்த ரகமா என்று நடு ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பாருங்கள், அந்த ரகமாக இருந்தால் நாலாம் கியர் விளக்கைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்தப் பழக்க வேண்டும்.

கடிதத்தில் அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று ஒரு வார்த்தையும் இல்லை. தெரியாது என்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு பழைய சைக்கிளைக் கடன் வாங்குங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி சீட்டை இறக்கி, பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, காலால் தள்ளித் தள்ளி உருட்டட்டும். பிடித்துக்கொண்டு பின்னால் ஓட யாரும் தேவையில்லை. காலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் பாதி தூரம் போக வந்ததும் பெடலை மாட்டலாம். பேலன்ஸ் சைக்கிளில் வந்துவிட்டால் 100 கிலோ வண்டியில் அதையும் சேர்த்துக் கற்க வேண்டியதில்லை. பார்வையும் இங்கேயே பழகட்டும். குழியைப் பார்த்தால் குழியில்தான் போவாள், போக வேண்டிய இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

சரி, யார் சொல்லிக்கொடுப்பது? நீங்கள் வேண்டாம், இப்போதைக்கு. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வீட்டு வேலை, மாமியார், காசு என்று ஆயிரம் இருக்கும், மைதானத்தில் "ஏன் இப்படிச் செய்தே" என்கிற ஒரு வார்த்தையில் அத்தனையும் சேர்ந்து வந்துவிடும். உங்கள் தெருவில் வண்டியில் சந்தைக்குப் போய்வருகிற அக்கா ஒருத்தராவது இருப்பார். அவரைக் கேளுங்கள். அவர் கீழே நின்று, வண்டி நிற்கும்போது மட்டும் பேசட்டும். ஓடும்போது யாரும் பேச வேண்டாம். அரை மணி நேரம் போதும், களைத்த பிறகு கற்றுக்கொள்வது எதுவும் நிற்காது. சாயங்காலத்தைவிட விடியற்காலை நல்லது, வேடிக்கை பார்க்கிற கூட்டம் இருக்காது.

உங்களுக்கும் நிறைய வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் மகனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புங்கள், அவள் வீட்டை நினைக்காமல் போய்வரட்டும். வண்டியைப் பாருங்கள். ஐட்லிங், அதாவது முறுக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகம், அதிகமாக இருந்தால் இந்த ரக வண்டி முறுக்காமலே நகரும், அதைக் குறைத்து வையுங்கள். பிரேக், டயர் காற்று, இரண்டு கண்ணாடி எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். தாடைப் பட்டி இறுக்கமாக நிற்கிற, அவள் தலை அளவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விபத்தில் சாகிற ஆபத்தை ஹெல்மெட் 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், பட்டியை மாட்டினால்தான் அதுவும். உடுப்பு பேண்டாக இருக்கட்டும். இந்தியாவில் விற்கிற பைக்குகளில் பின்சக்கரத்தை மூடி சேலைத் தடுப்பு ஒன்று இருக்கும், நம் ஊருக்கு வருகிற சீன, தாய்லாந்து வண்டிகளில் அது கிடையாது, தாவணியும் துப்பட்டாவும் சக்கரத்தில் போய்ச் சிக்கும்.

மைதானத்தில் நன்றாக வந்த பிறகு ரப்பர் தோட்டத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத பாதை, அதற்கப்புறம் ஊர்த்தெரு, கடைசியில்தான் மோல்மீன் ரோடு. அந்த ரோட்டில் எச்சரிக்கை தேவை. 1970-இல் நம் நாடு வலது பக்கம் ஓட்ட மாறியது, ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றில் இன்றைக்கும் ஸ்டியரிங் வலது பக்கம்தான். அதாவது டிரைவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளவே காரின் மூக்கை எதிர்ப்பக்கம் நீட்டிப் பார்க்க வேண்டும். எதிரே வருவது உங்கள் மனைவி. ஆகவே எதிரில் லாரி தெரிந்தால் அதன் பின்னால் ஒரு கார் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, வலது ஓரமாக ஒதுங்கி, வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இதை வீட்டிலேயே நாலு தீப்பெட்டியை வைத்துக் காட்டிவிடலாம்.

இன்னொன்று மழை. இவ்வளவும் காய்ந்த மாதங்களில் பழகுகிறாள், மே மாதம் மழை பிடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். செம்மண் வழுக்கும், தார் ரோட்டிலும் மழை ஆரம்பித்த முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் எண்ணெய் மிதந்து வழுக்கும். அந்த நேரம் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். மழையில் முதல் தடவை எடுக்கும்போது அந்த அக்கா கூட வருவாரா என்று இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

பொங்கலை மறந்துவிடுங்கள் தம்பி, தேதி வைத்து வருகிற வித்தை இல்லை இது. பின்னால் ஆளை ஏற்றுவது கடைசிப் பாடம், அதுவும் முதலில் ஒல்லியான பெரிய ஆள் ஒருவர், மகன் அதற்கும் அப்புறம். அவனை முன்னால் நிற்கவைக்கவே வேண்டாம், பிரேக் பிடித்தால் ஹேண்டிலில் நெஞ்சு போய் இடிக்கும், பிள்ளைகள் முறுக்கையும் பிடித்து இழுப்பார்கள். அம்மாவை ஏறக்குறைய 18 மைல் தூரம் வண்டியில் கூட்டிப்போகிற யோசனையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப்போகிற லைன் கார் இருக்கிறது, இல்லாவிட்டால் தெரிந்த காருக்கு மாதம் ஒருநாள் பேசி வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மாற்று வழி பேசிவிட்டுப் போனால்தான் அவள் தலையில் பாரம் இறங்கும். லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் இறக்க வேண்டாம், வண்டி வித்தவுட், அதாவது பதிவு செய்யாத வண்டி, என்றால் வழியில் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியது அவள்தான், அதையும் போவதற்கு முன்னால் சரி செய்யுங்கள்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்துக்கு வேண்டும், அம்மாவுக்கு வேண்டும் என்று இருக்கிறது, அவளுக்கு ஓட்ட ஆசையா என்று நீங்கள் கேட்டதாக எங்கேயும் இல்லை. முதலில் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். "நீ இப்படிச் செய்ததால்தான்" என்று வால் சேர்க்காமல், வெறும் மன்னிப்பு. புருஷன் தூர தேசம் போகிற நேரத்தில் வண்டி, பிள்ளை, மாமியார் எல்லாமும் தன் தலையில் என்று அவளுக்கு ஏற்கெனவே கலக்கமாக இருக்கும், அதைப் பேச இடம் கொடுங்கள். ஒரு வாரம் வண்டிப் பேச்சே எடுக்காதீர்கள். அப்புறம் கேளுங்கள். ஆசை இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றால் மேலே சொன்னபடி அந்த அக்காவிடம் அனுப்புங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட்டு லைன் காரும் பள்ளிக்கூட வண்டியும் ஏற்பாடு பண்ணுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் சந்தோஷம்.