என் பழைய பிஎஸ்4-இல் (சோனியின் ப்ளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி) எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் பிரயோஜனம் உண்டா, இல்லை பேசாமல் பிஎஸ்5 வாங்கிவிடலாமா?

பிரயோஜனம் உண்டு. எதில் உண்டு, எதில் இல்லை என்பதைத்தான் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லாரும் "தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வாங்குங்க ப்ரோ" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் சுருக்கென்றது. அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டெக்னீசியன் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. "அந்தக் காசுக்கு ஒரு பிசி அசெம்பிள் பண்ணலாமே" என்று வருகிறவர்களுக்கு: பண்ணலாம், தாராளமாகப் பண்ணுங்கள். கேள்வி அது இல்லை.

நீங்கள் 2015, 16 வாக்கில் வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது பேச்சிலர், இப்போது குடும்பஸ்தர். ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் கால்வாசி லோடிங் திரையைப் பார்ப்பதிலேயே போகும். சரியா? எனக்கு அப்படித்தான் போனது.

என்னுடையது முதல் மாடல். 2014 ஜனவரியில் 39,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்ததே, அது. அந்த வருட போனஸ் முழுவதும் அதற்குத்தான் போனது. பவர் பட்டன் அழுத்துகிற பட்டன் இல்லை, விரலை வைத்தாலே பீப் என்று சத்தம் வரும். உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சாதாரண லேப்டாப்பில் இருக்கிற, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் வகை.

2023-ல் தகராறு ஆரம்பித்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே கேம் மூடிக்கொள்ளும், சிஇ-34878-0 என்று ஒரு எண் வரும். கேம் கிராஷ் ஆனது என்பதற்கான பொதுவான எண் அது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். கூடவே ஃபேன் சத்தம், பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம், ஊரில் ஓரளவு பெரிய கடைதான். கவுண்டரில் இருந்தவர் டிவியில் சொருகிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார். மாத்தினா பன்னண்டாயிரம் ஆகும். மாத்தறது வேஸ்ட். வேணும்னா இதை இங்கேயே விட்டுட்டு மூவாயிரம் வாங்கிட்டுப் போங்க" என்றார்.

போர்டு போன பெட்டிக்கு எதற்கு ஐயா மூவாயிரம்? கணக்குப் பார்க்கிறவனிடமே கணக்கா? பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்தேன். நீங்களும் எஸ்எஸ்டிக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பெட்டியை முழுக்க அணைத்துவிட்டு, பவர் பட்டனில் விரலை வைத்து ஏழு விநாடி போல, இரண்டாவது பீப் வரும்வரை எடுக்காதீர்கள். சேஃப் மோட் என்ற பழுதுபார்க்கும் மெனு திறக்கும். கன்ட்ரோலரை ஒயரில்தான் இணைக்க வேண்டும். ஐந்தாவது வரியில் இருப்பது ரீபில்ட் டேட்டாபேஸ், டிஸ்க்கில் எது எங்கே என்ற பட்டியலைப் புதிதாக எழுதும். கேம்கள் அழியாது. பல பேருக்கு இதிலேயே பாதி வியாதி தீர்ந்துவிடும். எனக்குச் சில நாள் நன்றாக ஓடி, திரும்பவும் பழைய கதை.

அப்புறம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். இதற்கு டெக்னீசியன் தேவையே இல்லை. முதல் மாடலில் மேல்மூடியின் பளபளப்பான பாதியைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வந்துவிடும். கீழே ஒரே ஒரு பெரிய ஸ்க்ரூ. அதன் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் நாலும் பொறித்திருக்கும். ஆடிக்கொண்டிருந்த இத்தனை வருடமும் இது கண்ணில் படவே இல்லையே என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்தால் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் தகரத் தட்டு வெளியே வரும். தட்டில் நாலு ஸ்க்ரூ, ரப்பர் வளையத்தோடு. பிறகு வந்த மெல்லிய ஸ்லிம் மாடலில் பின்பக்க மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் போதும்.

டிஸ்க்கை சாட்டா-யுஎஸ்பி ஒயரில் (சாட்டா என்பது டிஸ்க்கை இணைக்கும் சொருகி வகை) லேப்டாப்பில் மாட்டி, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருளில் பார்த்தேன். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டேட்டா எழுதும் கட்டங்கள்) ஏகப்பட்டது. ஆக, போனது டிஸ்க். போர்டு கல்லுமாதிரி இருந்தது. (லேப்டாப்பில் மாட்டியதும் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.)

எஸ்எஸ்டி வாங்கும்போது விலை உயர்ந்ததாகத் தேடாதீர்கள். 2.5 இஞ்ச் சாட்டா வகை, தடிமன் 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர்தான், தாராளமாக உட்காரும். முதல் மாடலிலும் ஸ்லிம்மிலும் உள்ளே இருப்பது சாட்டா 2 இணைப்பு, விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. வேகம் கூடிய ப்ரோ மாடலில் மட்டும்தான் சாட்டா 3. அதனால் டப்பாவில் 550 எம்பி என்று போட்டிருப்பதற்காகக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுப்பது தண்டம். நான் 1 டிபி ஒன்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். அது அன்றைய விலை.

மாற்றுவதற்கு முன்னால் சேவ் எல்லாவற்றையும் (கேமில் எதுவரை ஆடினோம் என்ற பதிவுகள்) பென் டிரைவில் எடுத்துவிடுங்கள், இதற்கு சோனியின் பிளஸ் சந்தா தேவையில்லை. டிராஃபிகளை (கேமில் வென்ற பதக்கங்கள்) சோனி கணக்கோடு சிங்க் செய்துவிடுங்கள், அவை பேக்அப்பில் வராது. பிறகு புது டிஸ்க்குக்கு சிஸ்டம் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் முட்டிக்கொள்கிறார்கள். சோனி தளத்தில் அப்டேட் ஃபைல் ஒன்று, ரீஇன்ஸ்டால் ஃபைல் ஒன்று என்று இரண்டு உண்டு. பெயர் ஒன்றுதான், அளவு வேறு. உங்களுக்கு வேண்டியது 1 ஜிபி போல இருக்கும் பெரியது. பென் டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்து, பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், இரண்டு பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், அதற்குள் ஃபைல். சேஃப் மோடில் ஏழாவது வரி. அவ்வளவுதான்.

சரி, போட்டபின் என்ன மாறியது? பிஎஸ் பட்டனை அழுத்தினால் மெனு திக்காமல் வருகிறது. லைப்ரரியில் படங்கள் ஒவ்வொன்றாக முளைப்பதில்லை. ஜிடிஏ 5 திறக்கிற நேரம் மூன்றில் ஒரு பங்காவது குறைந்தது. வேறு சில கேம்களில் பாதிக்குப் பாதி. ப்ளட்போர்ன் கேமில் செத்துச் செத்துப் பிழைக்கிறவன் நான், ஒவ்வொரு சாவுக்கும் காத்திருக்கும் நேரம் குறைந்தது பெரிய புண்ணியம்.

ஆனால் ஃப்ரேம் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஒன்றுகூட ஏறாது. ப்ளட்போர்ன் அன்றைக்கும் 30 ஃப்ரேம், இன்றைக்கும் 30 ஃப்ரேம். படம் வரைவது 1.84 டெராஃப்ளாப் வேக ஜிபியு சிப், கணக்குப் போடுவது 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிபியுவின் ஜாகுவார் கோர்கள். டிஸ்க்கை மாற்றினால் அவை வாலிபம் அடையாது. லோடிங்கும் ஏன் மின்னல் வேகத்துக்குப் போகவில்லை என்றால், டிஸ்க்கிலிருந்து வரும் டேட்டாவைப் பிரித்து கேமுக்குத் தயார் செய்வதில் அதே சிபியுவுக்கும் வேலை உண்டு. எஸ்எஸ்டி வேகமாகக் கொண்டுவந்து கொட்டினாலும் அது அதன் வேகத்தில்தான் பிரிக்கும்.

பிஎஸ்4-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் பிஎஸ்5 பற்றி ஒரு உரை கொடுத்தார். பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 50-லிருந்து 100 எம்பி வரைதான் தரும், அதிலும் டேட்டா எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பெரும் நேரம் போகும் என்று அதில் சொல்கிறார். தேடுகிற நேரத்தைக் குறைக்க, ஸ்பைடர்மேன் கேமில் தெருவோரத் தபால் பெட்டி மாதிரியான அற்பப் பொருள்களின் டேட்டாவைக்கூட டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்தார்களாம். எஸ்எஸ்டியில் அந்தத் தேடல் கிட்டத்தட்ட இல்லை. நமக்குக் கிடைக்கிற லாபத்தில் பாதி அதுதான்.

பெட்டியைத் திறக்கவே பயம் என்றால் இன்னொரு வழி உண்டு. 2017 மார்ச்சில் வந்த 4.50 அப்டேட்டிலிருந்து வெளி டிரைவிலும் கேம் போடலாம். 250 ஜிபிக்குக் குறையாத ஒரு யுஎஸ்பி 3.0 எஸ்எஸ்டியைச் சொருகினால் போதும். லோடிங்கில் உள்ளே போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மெனு மட்டும் பழைய டிஸ்க்கிலேயே தவழும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் இதுவே போதும் என்பேன். என் டிஸ்க் செத்துக்கொண்டிருந்ததால் நான் உள்ளே போக வேண்டியதாயிற்று.

ஃபேன் சத்தம் எஸ்எஸ்டியால் தீராது. அதற்குத் தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். பின்பக்கம் இருக்கும் ஸ்க்ரூக்கள் நட்சத்திர வாய், நடுவில் ஒரு குட்டிக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண நட்சத்திர பிட் இறங்காது. எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பேர்போன சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் போய், "அண்ணே, நடுவுல ஓட்டை இருக்கிற பிட் வேணும்" என்றேன். அவர் தலையைத் தூக்காமலே "பிஎஸ் ஃபோரா தம்பி?" என்று ஒரு செட்டை எடுத்து வைத்தார். அந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை முதலில் போன கடையில் கிடைக்கவில்லை.

திறந்து பார்த்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி, கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாக. இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவினேன். ரிப்பன் கேபிள்களை மட்டும் அவசரப்படாமல் கழற்றுங்கள். பவர் சப்ளை பெட்டியைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், ஒயரைப் பிடுங்கினபிறகும் அதில் கரண்ட் நிற்கும். உள்ளே போனதே போனோம் என்று, தேதி நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். வாட்ச் கடையில் கிடைப்பதுதான். அது செத்துப்போய், நெட்டும் இல்லை என்றால் கேமே ஓடாது என்ற நிலைமை இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் அது சரியானது. இருந்தாலும் தேதி சரியாக நிற்கட்டுமே.

இந்த ஃபேன் சத்தத்தால் நான் பட்ட இன்னொரு பாடு இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தச் சத்தத்தை மாடியிலிருந்து கேட்ட எங்கள் ஹவுஸ் ஓனர், "என்ன தம்பி, ராத்திரி பூரா ஏதோ மிஷின் ஓடுதே, அதான் கரண்டு பில்லு எகிறுது" என்று ஆரம்பித்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தப் பெட்டி ஆடும்போது 140, 150 வாட். ஏழு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால்கூட மாதம் ஒன்பது யூனிட்தான். அவர் என்னிடம் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார், ஆக 72 ரூபாய். அரசாங்கம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. அந்த இலவசம் எங்கே போகிறது என்று கேட்டேன். "அது மெயின் மீட்டருக்குத் தம்பி" என்றார். இதில் பில்லை ஏற்றுகிறவன் நான்! சென்னையில் வாடகைக்கு இருக்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். சரி, விடுங்கள்.

பிஎஸ்5 வாங்கலாமா என்றால், நீங்கள் எந்த கேம் ஆடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சைபர்பங்க் 2077 பழைய பெட்டிகளில் எப்படித் தள்ளாடியது என்று ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பரில் சோனியே தன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது. 2023-ல் வந்த அதன் கூடுதல் பகுதியான ஃபேன்டம் லிபர்ட்டி பிஎஸ்4-க்கு வரவே இல்லை. ஜிடிஏ 6-ம் வராது. அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால் எஸ்எஸ்டியில் ஒரு பைசா போடாதீர்கள், அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-ஆகப் பார்த்து வாங்கினால் உங்கள் பிஎஸ்4 டிஸ்க்குகள் கிட்டத்தட்ட எல்லாமே அதில் ஓடும்.

அலமாரியில் முடிக்காமல் கிடக்கும் பழைய டிஸ்க்குகள்தான் உங்கள் கதை என்றால், என் கட்சிக்கு வாருங்கள். எனக்கு மொத்தச் செலவு ஆறாயிரத்துக்குள். அரை லட்சத்தைத் தாண்டிக் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்கினாலும் நான் ஆடப்போவது இதே கேம்களைத்தான்.

உங்கள் பெட்டியின் மாடல் எண் பின்பக்க ஸ்டிக்கரில் சியுஎச் என்று ஆரம்பிக்கும். அதைக் கீழே எழுதுங்கள். சியுஎச்சுக்குப் பிறகு வரும் எண் 70, 71, 72 என்று தொடங்கினால் அது ப்ரோ. ப்ரோ என்றால் உள்ளே போடுவதுதான் லாபம்.